டெபியனில் இருந்து பழைய மென்பொருளை ஏன் எடுத்துவிடுகிறார்கள்?

பைத்தான் 2 என்ற பழைய நிரல்மொழியில் எழுதிய நிரல், டெபியன் என்ற இலவச இயங்குதளத்தின் 12-ஆம் பதிப்பில் ஓடவில்லையே என்று பினாங்கில் கணினி படிக்கும் பிள்ளைகள் கேட்பதுண்டு. பைத்தான் 2-ஐ டெபியனின் களஞ்சியத்திலிருந்தே, அதாவது நாம் மென்பொருள்களை இறக்கிக்கொள்ளும் தொகுப்பிலிருந்தே, எடுத்துவிட்டார்கள். மென்பொருளுக்கு ஓய்வு கொடுப்பது என்பது இதுதான். பைத்தான் 2-ஐ உருவாக்கியவர்கள் 2020-இல் பராமரிப்பை நிறுத்தினார்கள். அதன்பின் பாதுகாப்பில் ஓட்டை தெரிந்தால் அடைக்க ஆளில்லை. டெபியனைக் கவனிப்பவர்களோ பெரும்பாலும் தன்னார்வலர்கள். பைத்தான் 2-ஐ நம்பி நின்ற மற்ற மென்பொருள்களையும் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியிருந்தது; அதனால்தான் அதை எடுப்பது 2023 வரை இழுத்தது.

பட்டர்வொர்த்துக்குப் போன பழைய இரட்டை அடுக்கு ஃபெர்ரிகளை நினைத்துப் பாருங்கள். 2020 கடைசியில் அவற்றின் பயணிகள் சேவை நின்றது. எனக்கும் வருத்தந்தான். ஆனால் பாசத்துக்காக, பழுதுபார்க்க ஆளில்லாத கப்பலில் சனங்களை ஏற்ற முடியுமா?

களஞ்சியத்திலிருந்து எடுத்தால் நம் கணினியிலும் அழிந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படியில்லை, ஏற்கெனவே நிறுவியது தானாக மறையாது, பாதுகாப்புத் திருத்தம்தான் இனி வராது.