மாங்கனீசை மட்டும் படித்தால் மகளுக்கு வேலை கிடைக்குமா?

அம்மா, மகள் எம்.எஸ்சி. ஜியாலஜியில் மாங்கனீசு தாதுப் படிவுகளை ஆய்வுத் தலைப்பாக எடுத்திருக்கிறாள், ஒரே உலோகத்தைப் பிடித்துக்கொண்டால் வேறு வேலைக்கே ஆகாமல் போய்விடுவாளோ என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஆகாது. இந்தத் தலைப்பை ஒழுங்காகப் படித்தால் ஜியாலஜியின் பெரும்பாதியைத் தொட்டுவிட்டுத்தான் வெளியே வருவாள்.

இந்தப் படிவுகளைப் பெரும்பாலும் பிறந்த விதத்தை வைத்துத்தான் வகைப்படுத்துகிறார்கள். கடலடியில் வண்டலோடு படிந்தவை ஒரு வகை. உக்ரைனின் நிக்கோபோல், ஜார்ஜியாவின் சியாத்துரா இரண்டும் சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் அப்படிப் படிந்தவை. தென்னாப்பிரிக்காவின் கலகாரி 200 கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. நிலத்தில் அதைவிடப் பெரிய மாங்கனீசுக் களம் இன்றுவரை தெரியவில்லை. பூமிக்குள்ளிருந்து வரும் சூடான நீர் விட்டுச்சென்றவை இன்னொரு வகை. பழைய படிவு வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியது அடுத்தது. மத்திய இந்தியாவில் அப்படி உருமாறிய ஒரு மாங்கனீசுப் பாறைக்கு, கோண்டு மக்களின் பெயரால் கோண்டைட் என்று பெயர் வைத்தவர் ஃபெர்மர் என்ற புவியியலாளர். காபோனின் மொவாண்டாவில் கதை வேறு: மழையும் வெயிலும் பாறையைச் சிதைத்து, வேண்டாததைக் கரைத்துக் கொண்டுபோக, மேல்பகுதியில் மாங்கனீசு செறிந்துவிட்டது.

பெயர்களை மனப்பாடம் செய்தால் போதும் என்று உங்கள் மகள் நினைத்தால், அதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். அவள் பிடித்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வேதியியலில் இரும்பும் மாங்கனீசும் நெருங்கிய உறவு, பிறகு எப்படிப் பிரிந்தன? ஆக்சிஜன் இல்லாத நீரில் இரண்டுமே கரைந்திருக்கும். ஆக்சிஜன் கொஞ்சம் எட்டினாலே இரும்பு முதலில் படிந்துவிடும். மாங்கனீசு கரைந்தபடியே இன்னும் தூரம் போய், ஆக்சிஜன் மிகுந்த ஆழமற்ற கடலோரத்தில் இறங்கும். இது புரிந்துவிட்டால், புதிய இடத்தில் எங்கே தோண்டலாம் என்று அவளே சொல்லுவாள். கனிமத் தேடல் நிறுவனங்கள் சம்பளம் கொடுப்பது அந்தத் திறமைக்குத்தான்.

சுரங்கத்தில் வேறு கணக்கு. உலகில் எடுக்கும் மாங்கனீசில் பெரும்பங்கு எஃகு ஆலைக்குப் போகிறது. அங்கே மாங்கனீசுக்கும் இரும்புக்கும் உள்ள விகிதம் என்ன, பாஸ்பரஸ் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்பார்கள். பேட்டரிக்குப் போகும் தாதுவுக்கு எதிர்பார்ப்பு வேறு. தாது ஆக்சைடா, கார்பனேட்டா, சிலிகேட்டா என்று நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லத் தெரிந்தவருக்குச் சுரங்கத்திலும் ஆய்வகத்திலும் இடம் உண்டு. அந்தக் கை வந்துவிட்டால் இரும்பு, தாமிரம் என்று எந்தத் தாதுவுக்கும் மாறிக்கொள்ளலாம்.

கடலடி முடிச்சுகளை, அதாவது ஆழ்கடல் தரையில் கிடக்கும் மாங்கனீசுக் கட்டிகளை, நான் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் மாணவர்கள் பலர் அதில் மயங்கிவிடுகிறார்கள். பசிபிக்கின் கிளாரியன்–கிளிப்பர்டன் பகுதியில் 4,000 மீட்டருக்கும் கீழே அவை பரவிக் கிடக்கின்றன. 10 லட்சம் ஆண்டுகளில் சில மில்லிமீட்டர்தான் வளரும். சர்வதேசக் கடலடி ஆணையம் அங்கே ஆய்வு உரிமங்கள் கொடுத்திருக்கிறது. ஆனால் அதை மட்டும் நம்பி வேலைத் திட்டம் போடவேண்டாம் என்பது என் கருத்து. ஆழ்கடல் உயிர்களுக்கு என்ன ஆகும் என்ற கேள்வி தீரவில்லை.

சரி, இப்போது செய்யவேண்டியது. அவள் ஆய்வில் களப்பணி இருக்கிறதா, மாதிரிகளைத் தானே எடுத்து, தானே மெல்லிய துண்டுகளாக வெட்டிப் பார்க்கப் போகிறாளா என்று கேளுங்கள். இல்லை என்றால், தலைப்பை மாற்றவேண்டாம். அந்த வாய்ப்பை மட்டும் வழிகாட்டிப் பேராசிரியரிடம் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.