ஓடாத காரை நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு ட்ரெய்லரில் கொண்டுபோக எப்படிப்பட்ட ட்ரெய்லர் வேண்டும்?

கேட்டவர் தந்த விவரம் இவ்வளவுதான்: கார் டொயோட்டா அக்சியோ, எஞ்சின் வேலை செய்யாது, கையில் ஒரு டீசல் டபள் கெப் இருக்கிறது. "கெப் இழுக்குமா, இல்லை கயிறு கட்டினாலே போதுமா?" என்று கேட்கிறார்.

கெப் தாராளமாக இழுக்கும். ஆனால் நீங்கள் போகப்போவது இறக்கம். அந்தப் பாரத்தைப் பிடித்து நிறுத்துமா என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

அக்சியோ ஏறக்குறைய 1,100 கிலோ. கார் ஏற்றும் இரண்டு அச்சு ட்ரெய்லர் வெறுமனே 600, 700 கிலோ வரும். கெப் இரண்டு டன். எல்லாம் சேர்ந்து நாலு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, கண்டி 500 மீற்றர் அளவில். அவ்வளவு பாரம் 1,300 மீற்றருக்கு மேல் கீழே இறங்கும்போது வெளிப்படும் சக்தி, கிட்டத்தட்ட 150 லீட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதி நிலைக்குக் கொண்டுவரப் போதும். எஞ்சின் பிடித்துக்கொள்ளாத பங்கில் பெரும்பகுதி பிரேக்கில்தான் சூடாக இறங்கும்.

அதனால் சொந்தப் பிரேக் இல்லாத ட்ரெய்லரைத் தொடவே வேண்டாம். ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் 750 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். பழைய வான் அச்சை வைத்து வெல்டிங் செய்து, பின்னால் லைட் மட்டும் பூட்டிய ட்ரெய்லர் லீக்ஸ் மூட்டை ஏற்ற உதவும். வழியில் வரும் இறம்பொடை இறக்கத்தில் கார் ஏற்ற உதவாது.

பிரேக்கிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, ட்ரெய்லர் முன்னால் தள்ளும்போது அந்தத் தள்ளலாலேயே பிடிக்கும் வகை. இது விலை குறைவு. ஆனால் நீண்ட இறக்கத்தில் ட்ரெய்லர் தள்ளிக்கொண்டே இருப்பதால் பிரேக்கும் விடாமல் உரசிச் சூடேறும். மற்றது கெப்புக்குள் இருந்து இயக்கும் எலெக்ட்ரிக் பிரேக். ட்ரெய்லரை மட்டும் தனியாகப் பிடிக்கலாம் என்பதால் மலைக்கு நான் இதைத்தான் சொல்வேன். எதை எடுத்தாலும் கெப்பின் பிரேக் ஒயிலை மாற்றிவிட்டு இறங்குங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். புதிய டொட் 3 ஒயில் குறைந்தது 205 பாகையில்தான் கொதிக்கும், ஈரம் சேர்ந்ததற்கு அந்த அளவு 140 தான். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பெடல் தரைக்குப் போகும்.

ட்ரெய்லர் டயரில் பூ நிறைய இருக்கிறது என்று ஏமாற வேண்டாம். பக்கத்தில் வெடிப்பு இருக்கிறதா, நாலு இலக்க எண் என்ன என்று பாருங்கள். 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம் செய்தது. கெப்பின் பின்னாலுள்ள உருண்டையும் அதைக் கவ்வும் கிண்ணமும் ஒரே அளவாக இருக்கவேண்டும். பூட்டிய பிறகு ட்ரெய்லரின் முன் ஜக்கைச் சுற்றி உயர்த்திப் பாருங்கள். கெப்பின் பின்பக்கமும் கூடவே எழும்பினால் சரியாகக் கவ்வியிருக்கிறது. சங்கிலி இரண்டையும் அடியில் குறுக்காக மாட்டுங்கள்.

காரை எங்கே நிறுத்துவது என்பதில்தான் நிறையப் பேர் கவனக்குறைவாக இருக்கிறார்கள். பாரம் பின்னுக்குப் போனால் வேகத்தில் ட்ரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கும். காரும் ட்ரெய்லரும் சேர்ந்த பாரத்தில் 10 சதவீதம் அளவு கெப்பின் கொக்கியில், அதாவது அந்த உருண்டையில், இறங்கவேண்டும். உங்கள் கணக்குக்கு 180 கிலோ. நுவரெலியாவில் இதை அளப்பது சுலபம்: உருளைக்கிழங்கு மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு உள்ள கடையில் கேட்டு, தராசின் மேல் ஒரு கட்டையை நிறுத்தி, கார் ஏற்றிய ட்ரெய்லரின் கிண்ணத்தைக் கெப்பில் இருக்கும் அதே உயரத்தில் அதன் மேல் இறக்குங்கள். எண் குறைவாக இருந்தால் காரை ஒரு சாண் முன்னே தள்ளி மறுபடி பாருங்கள். அந்தப் பாரத்தைக் கெப்பின் கொக்கி தாங்குமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெல்ட்டைக் காரின் உடம்பில் போடாமல் நாலு டயருக்கும் மேலாகப் போடுங்கள். உடம்பில் கட்டினால் பள்ளத்தில் கார் அமுங்கும்போதெல்லாம் பெல்ட் தளரும். ஹேண்ட்பிரேக்கும் போட்டிருக்கட்டும். லபுக்கலை வருவதற்கு முன்னமே ஒருமுறை நிறுத்தி இறுக்கிப் பாருங்கள்.

இறக்கம் தொடங்குவதற்கு முன்பே சின்ன கியருக்கு வந்துவிடுங்கள். பெடலில் காலை வைத்தபடியே இறங்காமல், அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டுவிடுங்கள். இறம்பொடையிலும் புசல்லாவையிலும் இறங்கி, சக்கரத்தின் நடுவே தொடாமல் உள்ளங்கையைக் கிட்டக் காட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அந்தப் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் ட்ரெய்லர் உள்பக்கமாக வெட்டும்: இடது வளைவில் சக்கரம் காணுக்குள் விழப்பார்க்கும், வலது வளைவில் எதிரே வரும் பஸ்ஸின் பாதையில் ஏறும். மூடுபனி இறங்கிவிட்டால் நிறுத்திவிடுங்கள். ட்ரெய்லர் ஆடத் தொடங்கினால் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து எக்ஸிலேட்டரை விடுங்கள், எலெக்ட்ரிக் பிரேக் இருந்தால் ட்ரெய்லரை மட்டும் பிடியுங்கள். கெப்பின் பிரேக்கை ஓங்கி மிதித்தால் ஆட்டம் கூடும்.

கயிறு வேண்டவே வேண்டாம். எஞ்சின் ஓடாத காரில் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். அதிலும் உங்கள் அக்சியோ ஹைபிரிட் என்றால், முன் சக்கரம் தரையில் உருண்டாலே மோட்டாரும் சுழலும், பழுது பெரிதாகும்.

உங்கள் லைசன்ஸ் வகுப்புக்கு இந்த எடை ட்ரெய்லர் இழுக்க அனுமதி உண்டா என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும், காப்புறுதி ட்ரெய்லருக்கும் செல்லுமா என்று கம்பனியிலும் கேளுங்கள். இந்த ஒரு கார், இந்த ஒரு பயணம் மட்டும்தான் என்றால் ட்ரெய்லர் வாங்கும் யோசனையை விட்டுவிட்டு, தட்டைச் சரித்துக் காரை ஏற்றும் கெரியர் லொறியைக் கூலிக்குப் பிடியுங்கள். அப்போதும் டயருக்கு மேல் பெல்ட் போடச் சொல்லி நின்று பாருங்கள்.