ஒல்லியாக இருக்கும் எனக்குச் சர்க்கரையா? பிறந்த எடைதான் காரணமா?

கேள்வி: எனக்கு வயது 34. உயரம் 168 செ.மீ., எடை 63 கிலோ. கம்பெனியில் எடுத்த பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 108, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) 5.9 என்று வந்திருக்கிறது. அப்பா, அம்மா இருவருக்கும் சர்க்கரை இல்லை. நிறைமாதத்தில் பிறந்தும் நான் 1.9 கிலோதான் இருந்தேனாம். எடை குறைவாகப் பிறந்தால் பின்னாளில் சர்க்கரை வரும் என்று படித்தேன். என் மகளும் 2.1 கிலோவில்தான் பிறந்தாள். இப்போது 11 மாதம், 7.4 கிலோ. "பிள்ளை நோஞ்சானா இருக்கே" என்று அம்மா டின் பவுடர் கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா? (வாசகர், நாமக்கல்)

பதில்: டின் பவுடரை முதலில் முடித்துவிடுகிறேன். வீட்டில் அதுதான் தினசரி பஞ்சாயத்தாக இருக்கும். வேண்டாம். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

பிறந்த எடைக்கும் சர்க்கரைக்கும் தொடர்பு உண்டு. அது தெரியவந்ததே பழைய பேரேடுகளால்தான். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்டுஷயர் மாவட்டத்தில் 1911 முதல் செவிலியர்கள் வீடு வீடாகப் போய், குழந்தை பிறந்தபோது எத்தனை பவுண்டு, ஒரு வயதில் எத்தனை பவுண்டு என்று எழுதி வைத்தார்கள். டேவிட் பார்க்கர் என்ற மருத்துவரின் குழு அந்தப் பேரேடுகளைத் தேடி எடுத்தது. அதில் இருந்த குழந்தைகளை, 64 வயதை ஒட்டிய ஆண்களாகக் கண்டுபிடித்துச் சர்க்கரையைச் சோதித்தது. எடை குறைவாகப் பிறந்தவர்களிடம் சர்க்கரைக் கோளாறு அதிகம் என்று 1991-ல் எழுதினார்கள்.

கருவில் சத்து போதாதபோது உடல் மூளைக்குத்தான் முதல் பங்கு வைக்கிறது. சம்பளம் பாதியான மாதத்தில் அரிசிக்கு எடுத்து வைத்துவிட்டு மற்றதைத் தள்ளிப்போடுவோமே, அப்படி. தள்ளிப்போவது தசையும் கணையமும். இன்சுலின் சுரக்கும் செல்கள் குறைவு, சர்க்கரையை வாங்கிச் செலவழிக்கும் தசையும் குறைவு. பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு. கருவில் இன்சுலின்தான் வளர்ச்சிக்கான ஹார்மோன். அது குறைவாகச் சுரக்கும் மரபணு இருந்தால் பிள்ளை சிறிதாகவும் பிறக்கும், பின்னாளில் சர்க்கரையும் வரும். உங்கள் பெற்றோருக்குச் 'சர்க்கரை இல்லை' என்கிறீர்கள். கடைசியாக எப்போது பார்த்தார்கள்? என்னிடம் 'இல்லை' என்று சொல்பவர்களில் பாதிப்பேர் பார்க்காதவர்கள்தான்.

நம் நாட்டுக் கதையில் ஒரு திருப்பம் உண்டு. புனேயில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர், சுற்றுக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். அங்கே சராசரி 3.5 கிலோ, இங்கே 2.7. கை, வயிறு எல்லாமே சிறிது. ஆனால் முதுகுத் தோலைக் கிள்ளி அளந்தால், அடியில் இருந்த கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. சதைதான் குறைவு. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. நீங்களும் இந்த வகையாக இருக்கலாம். ஓர் இன்ச் டேப்பை எடுத்து, மூச்சை வெளியே விட்டபடி தொப்புள் மட்டத்தில் சுற்றிப் பாருங்கள். பேண்ட்டில் ஒட்டியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம், அதை வயிற்றுக்குக் கீழே இறக்கித்தானே போடுகிறோம்! 90 செ.மீ.-க்கு மேல் இருந்தால் உங்கள் 63 கிலோவுக்கு அர்த்தமே வேறு.

பவுடருக்கு வருகிறேன். டெல்லியில் பிறந்ததிலிருந்து அளந்து வந்த சுமார் 1,500 பேரை 26-லிருந்து 32 வயதுக்குள் சோதித்த ஆய்வு 2004-ல் வெளிவந்தது. சர்க்கரைக் கோளாறு வந்தவர்கள் இரண்டு வயது வரை மெலிந்திருந்தவர்கள், அதன் பிறகு மளமளவென்று உடல் பருத்துக்கொண்டே போனவர்கள். 12 வயதில் அவர்களில் யாரும் 'குண்டு' என்ற கணக்கில் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். கண்ணுக்கு எல்லாம் நன்றாகவே தெரிந்திருக்கும், பாட்டிகளும் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

ஆகவே இரண்டு வயது வரை மகளைப் பட்டினி போடக் கூடாது, அதற்குப் பிறகு திணிக்கக் கூடாது. 11 மாதத்தில் 7.4 கிலோ என்பது பெண் குழந்தைக்கு இயல்பு வரம்புக்குள்தான் இருக்கிறது. தாய்ப்பால் தொடரட்டும். குழைந்த பருப்பு சாதத்தில் ஒரு ஸ்பூன் நெய், முட்டை, மீன், கீரை, பழம். சர்க்கரை சேர்த்த பவுடர் சதையைப் போடாது, கொழுப்பைத்தான் போடும். எடை குறைவாகப் பிறந்ததால் இரும்புச்சத்துச் சொட்டு மருந்து பற்றிக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

உங்கள் அம்மாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். நாலு கிலோ, நாலரை கிலோ என்று பிறப்பதும் பெருமை இல்லை. தாய்க்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தால் அப்படிப் பிறக்கும், அந்தப் பிள்ளைகளுக்கும் ஆபத்து உண்டு. அடுத்த குழந்தை எண்ணம் இருந்தால் மனைவியின் சர்க்கரை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் மூன்றையும் முன்பே பார்த்துவிடுங்கள்.

இனி உங்கள் விஷயம். 108-ம் 5.9-ம் சர்க்கரை நோய் அல்ல, அதற்கு முந்தைய படி. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், பிறந்த எடை ஒரு கிலோ கூடும்போது சர்க்கரை வரும் வாய்ப்பு ஏறக்குறைய கால்வாசி குறைகிறது. எடை குறைவாகப் பிறந்ததால் உங்கள் மேல் ஏறியிருக்கும் பாரமும் ஏறக்குறைய அந்த அளவுதான். அதை இனி மாற்ற முடியாது, ஆனால் வயிற்றையும் தசையையும் மாற்றலாம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு உங்களைப் போன்ற முந்தைய படியில் இருந்தவர்களை மூன்று ஆண்டுகள் பார்த்தது. எதுவும் செய்யாதவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்தது. நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் கடைப்பிடித்தவர்களில் அது 39 சதவீதம். தினம் அரை மணி வேக நடை, வாரம் இரண்டு மூன்று நாள் தண்டால், பஸ்கி. தட்டில் சாதத்தைப் பாதியாக்கி, அந்த இடத்தில் காயும் பயறும் வையுங்கள். மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி-யைத் திரும்பப் பாருங்கள். மாத்திரை வேண்டுமா என்பதை அப்போது உங்கள் மருத்துவரோடு பேசிக்கொள்ளலாம்.

மகளை எடை போடக் கூட்டிப்போகும்போது கொலுசையும் அரைஞாணையும் கழற்றிவிடுங்கள். எங்கள் தராசில் அவை மட்டும் 150 கிராம் காட்டியதை நானே பார்த்திருக்கிறேன். எடையோடு நீளத்தையும் அளந்து அட்டையில் எழுதித்தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.