புது 300 இஎக்ஸ்சி: முன் ஃபோர்க் விறைப்பாகத் தெரிந்தால்

நண்பரே, புது கேடிஎம் 300 இஎக்ஸ்சி காட்டுப்பாதை பைக்கின் இழுவை பிடித்திருக்கிறது, ஆனால் சின்னக் கல்லுக்கே கை அதிர்கிறது என்கிறீர்கள். ஸ்பிரிங் மாற்ற அவசரப்படாதீர்கள். முதலில் முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கி அதிர்வை வாங்கும் இரட்டைக் குழாய்) தலையில் இருக்கும் காற்றுத் திருகுகளைத் திறந்துவிடுங்கள். சூட்டிலும் மலையேற்றத்திலும் உள்ளே அழுத்தம் கூடும். புஸ்ஸென்று காற்று வெளியேறினால் அதுவே பெரிய காரணம்.

அப்புறம் கம்ப்ரெஷனை, அதாவது ஃபோர்க் அமுங்கும்போது வரும் தடையை, இரண்டிரண்டு கிளிக்காகத் தளர்த்தி, அதே பாதையில் ஓட்டிப் பாருங்கள். ரிபவுண்டை, அதாவது அமுங்கிய ஃபோர்க் திரும்பி எழும் வேகத்தை, இப்போதைக்குத் தொடவேண்டாம். கம்பெனி ஸ்பிரிங் 75 முதல் 85 கிலோ எடையுள்ள ஓட்டுநருக்கானது, உங்கள் 68 கிலோவுக்குக் கொஞ்சம் விறைப்பாகத்தான் தெரியும். புது ஃபோர்க் சீல்களும் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) முதல் சில மணி நேரம் பிடித்துப் பிடித்துத்தான் நகரும். டயர் காற்றையும் பாருங்கள், டியூப் இருந்தால் கற்பாதைக்கு 13, 14 பிஎஸ்ஐ போதும்.