போர்வைக்குள் பாட்டரி – கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். ராணுவத்தில் சிக்னல்ஸ் (தகவல் தொடர்பு) பிரிவில் பதினேழு வருடம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன் நான். ஊர் வேலூர் பக்கம். இப்போது ஒரு ஏ.டி.எம். வாசலில் இரவுக் காவல். படிக்க நேரம் கிடைக்கிறது. ஆன்டி மெக்னாபின் 'பிராவோ டூ ஜீரோ'வை மகன் வாங்கிக் கொடுத்தான். அப்புறம் அவருடைய நாவல்கள் நாலைந்து படித்தேன். எனக்கும் த்ரில்லர் எழுத ஆசை. ஆனால் நான் சண்டையே பார்த்ததில்லை. மலைமேல் கூடாரத்தில் ரேடியோ செட்டைக் கட்டிக்கொண்டு அழுததுதான் மிச்சம். குளிரில் செத்துவிடும் என்று பாட்டரியைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு படுப்போம். இதை வைத்து என்ன எழுத முடியும்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள ஐயா,

படிக்காத வாசகர்களுக்காக இரண்டு வரி. 1991 வளைகுடாப் போரில் பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். என்ற சிறப்புப் படை எட்டுப் பேரை ஈராக்குக்குள் இறக்கியது. அந்தக் குழுவின் பெயர்தான் பிராவோ டூ ஜீரோ. மூன்று பேர் இறந்தார்கள், நான்கு பேர் பிடிபட்டார்கள், ஒருவர் மட்டும் எட்டு நாளில் சுமார் 300 கிலோமீட்டர் நடந்து சிரியாவுக்குள் போய்ச் சேர்ந்தார். பிடிபட்டுச் சித்திரவதை அனுபவித்த குழுத்தலைவர் மெக்னாப் என்ற புனைபெயரில் 1993இல் புத்தகம் எழுதினார். நடந்து தப்பியவரும் கிறிஸ் ரையன் என்ற பெயரில் 1995இல் எழுதினார். இருவருமே பிறகு த்ரில்லர் நாவலாசிரியர்கள் ஆனார்கள்.

நீங்கள் சண்டை சண்டை என்கிறீர்கள். அந்த எட்டுப் பேருக்கு என்ன ஆயிற்று என்பதை உங்கள் சிக்னல்ஸ் கண்ணால் இன்னொரு தடவை பாருங்கள். அவர்களுக்குக் கொடுத்த அலைவரிசையே தப்பு. தளத்தோடு ஒழுங்காகப் பேச முடியவில்லை. ஆளுக்குத் தொண்ணூறு கிலோவுக்கு மேல் சுமை. பாலைவனம் என்று நினைத்துப் போனால் உறைபனி. இறந்த மூவரில் இருவரைக் கொன்றது குளிர், தோட்டா அல்ல. அந்தப் புத்தகத்தில் எனக்கு நினைவில் நிற்பது ரேடியோவை விடாமல் திருகிக்கொண்டிருக்கும் பகுதிதான். அதை எழுத உங்களைவிடத் தகுதியான ஆள் யார்?

எனக்கு ஒரு பழைய அவமானம் உண்டு. முதல் தொடர்கதையில், வில்லன் ரிவால்வரால் சுட, காலி ரவை தெறித்துத் தரையில் உருண்டது என்று எழுதிவிட்டேன். அடுத்த வாரமே ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரிடமிருந்து தபால் அட்டை. "தம்பி, ரிவால்வரில் காலி ரவை உள்ளேயேதான் இருக்கும். நாமாகத் திறந்து கொட்டினால்தான் விழும்." அவ்வளவுதான் எழுதியிருந்தார். இன்றைக்கும் துப்பாக்கி வரும் பக்கத்தை எழுதும்போது அந்த அட்டை ஞாபகத்துக்கு வரும். அந்தத் தொல்லை உங்களுக்கு இல்லை.

மெக்னாபிடம் என்னை அதிகம் ஈர்ப்பது வேறொன்று. லண்டனில் ஒரு மருத்துவமனைப் படியில் பையில் வைத்து விட்டுப்போன குழந்தை அவர். பதினாறு வயதில் ராணுவத்தில் சேர்ந்தபோது சரியாகப் படிக்க வராது. ராணுவம்தான் உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தது. முழுதாகப் படித்த முதல் புத்தகம் ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளுக்கானது என்று அவரே சொல்லியிருக்கிறார். அவருடைய வாக்கியம் சின்னதாக, நேராக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம். அழகாக எழுத அவருக்குத் தெரியாது. தெரியாததே நல்லதாய்ப் போயிற்று. அடுத்து என்ன செய்தான், எதை எடுத்தான், எங்கே வைத்தான் என்று மட்டும் சொல்லிக்கொண்டே போவார். பிற்காலத்தில் சிறைகளுக்குப் போய்க் கைதிகளிடம் படிக்கச் சொல்லிப் பேசியவர். எழுத்தறிவுப் பணிக்காகவே அரசு விருதும் கிடைத்தது.

சரி, நாவலுக்கு ஏன் போனார்? அனுபவக் கதையில் ஒரு சிக்கல் இருக்கிறது. நடந்ததாகச் சொன்னால் யாராவது சரிபார்க்க வந்துவிடுவார்கள். மைக்கேல் ஆஷர் என்ற முன்னாள் பாராசூட் படை வீரர் போர் முடிந்து பத்து வருடம் கழித்து ஈராக்குக்கே போய், அந்த இடத்தில் வாழும் பெதூயின் (பாலைவன நாடோடி) குடும்பத்தைத் தேடிப்பிடித்தார். புத்தகம் சொல்கிற மாதிரிப் பெரிய சண்டை ஏதும் நடக்கவில்லை என்றார்கள் அவர்கள். இறந்துபோன ஒரு வீரரைப் பற்றி எழுதியது அவருடைய குடும்பத்தைப் புண்படுத்தியது. பிரிட்டனின் ராணுவ அமைச்சகமும் சும்மா இருக்கவில்லை. 1996இல் சிறப்புப் படையினரிடம் வாய்திறக்கக் கூடாதென்று ஒப்பந்தமே கையெழுத்து வாங்கியது. நாவலில் இந்தத் தொல்லைகள் குறைவு. யாரும் வந்து "நீ பொய் சொல்கிறாய்" என்று சட்டையைப் பிடிக்க முடியாது. பொய் சொல்லத்தானே உட்கார்ந்திருக்கிறோம்! (ஆனால் நமக்கு 1923ஆம் ஆண்டின் அலுவலக ரகசியச் சட்டம் இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகும் அது பொருந்தும். முகாம், குறியீடு, கருவியின் உள்விவரம் எதையும் கதையில்கூடத் தொடாதீர்கள்.)

மெக்னாபின் முதல் நாவலில் நிக் ஸ்டோன் என்ற முன்னாள் வீரன் கையில், குடும்பமே கொல்லப்பட்ட ஏழு வயதுப் பெண் குழந்தை வந்து மாட்டிக்கொள்கிறாள். துரத்துகிறவர்களை அவனால் சமாளிக்க முடியும். குழந்தைக்குப் பசிக்கும், தூக்கம் வரும் என்பதை எப்படிச் சமாளிப்பது? அந்தக் குழந்தை இல்லையென்றால் அது துப்பாக்கிகளின் விலைப்பட்டியலாக நின்றிருக்கும். பிந்தைய நாவல்கள் சிலவற்றில் அப்படி நின்றும் இருக்கிறது. ஒரே நாயகனை வருடா வருடம் ஓட்டினால் அவனுக்கும் அலுக்கும், நமக்கும் அலுக்கும்.

ஆகவே, சண்டையை விட்டுவிடுங்கள். கூடாரத்தில் இரண்டு பேர். ஒருவன் உங்களைப்போல மூத்தவன், இன்னொருவன் முதல் குளிர்காலத்தைப் பார்க்கும் பையன். அன்றைக்குப் பாட்டரியைப் போர்வைக்குள் வைக்க வேண்டியது பையனின் முறை. மறந்துவிட்டான். விடிவதற்குள் கீழேயிருந்து ஒரு செய்தி வரவேண்டும். மறந்ததை அவன் சொல்லவில்லை.

முதல் பத்துப் பக்கம் எழுதி அனுப்புங்கள். கையெழுத்தில் இருந்தாலும் பரவாயில்லை, போட்டோ பிடித்து அனுப்பினால் போதும். அந்த ராத்திரி பாட்டரியைத் தொட்டுப் பார்த்தால் விரலுக்கு எப்படி இருக்கும் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். எனக்கு அது தெரியாது.

அன்புடன்.