ராக் மேடை கேள்வி பதில்: மால்கம் போனப்புறம் வந்த பாட்டு

கேள்வி: அண்ணா, எங்க நண்பர்கள் குரூப்ல ஏசி/டிசியோட 'ஷாட் இன் தி டார்க்' பாட்டை வச்சு பெரிய சண்டையே நடக்குது. பாதி பேர் "ஒரே பாட்டை நாப்பது வருஷமா திருப்பி திருப்பி போடுறாங்க"ங்கறாங்க, மீதி பேர் "மால்கம் யங் இறந்தப்புறம் அவருக்காக பண்ணது, அதை போய் குறை சொல்லலாமா"ங்கறாங்க. நீங்க எந்தப் பக்கம்? (கோவை வாசகர்)

பதில்: தம்பி, ரெண்டு பேருமே பாட்டைக் கேக்காம பேசுறாங்கன்னுதான் எனக்குத் தோணுது. விவரம் தெரியாதவங்களுக்காக கொஞ்சம் முன்கதை சொல்லிடறேன். ஏசி/டிசிங்கறது 1973-ல ஆஸ்திரேலியாவுல சிட்னியில மால்கம் யங், அவர் தம்பி ஆங்கஸ் யங் ரெண்டு பேரும் ஆரம்பிச்ச பேண்ட். இவங்க குடும்பம் ஸ்காட்லாந்து கிளாஸ்கோவுல இருந்து 1963-ல சிட்னிக்கு குடி வந்தது. ஸ்கூல் யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு மேடை பூரா ஓடி ஆடி லீட் கிட்டார் வாசிக்கிறவர் ஆங்கஸ், பின்னாடி ஆம்ப் (கிட்டார் சத்தத்தைப் பெருக்கற பெட்டி) பக்கத்துல நின்னு, தாளத்தைப் பிடிச்சுக் கொடுக்கற ரிதம் கிட்டார் வாசிச்சவர் மால்கம். 2014-ல மால்கமுக்கு டிமென்ஷியா (ஞாபக மறதி நோய்)ன்னு வெளிய தெரிஞ்சு அவர் பேண்டை விட்டு விலகினார், 2017 நவம்பர் 18 அன்னைக்கு 64 வயசுல இறந்துட்டார். அதுக்கப்புறம் 2020-ல வந்த 'பவர் அப்' ஆல்பத்துல இருந்து முதல்ல தனிப் பாட்டா (சிங்கிளா) அக்டோபர்ல வெளியானதுதான் 'ஷாட் இன் தி டார்க்'.

இப்ப சண்டைக்கு வருவோம். "ஒரே மாதிரி இருக்கு"ன்னு சொல்றது உண்மைதான், யாரும் மறுக்க முடியாது. முதல்ல ரிஃப் (திரும்பத் திரும்ப வர்ற சின்ன கிட்டார் வாசிப்பு), அப்புறம் டிரம்ஸ், பாடகரோட கீச்சுக் குரல் (1980-ல இருந்து பிரையன் ஜான்சன்), கோரஸ்ல எல்லாரும் சேந்து பாடுறது, இந்த அமைப்பு எழுபதுகள்ல இருந்தே இருக்கு, அதை அவங்க மறைக்கவும் இல்ல. ஆனா அந்த அமைப்புக்குள்ள ரிஃப் நல்லா இருக்கா இல்லையாங்கறதுதான் கேக்க வேண்டிய விஷயம். என் காதுக்கு இந்த ரிஃப் நல்லா இருக்கு, கேட்டவுடனே தலை தானா ஆடுது, கோரஸும் மனசுல ஒட்டிக்குது. பாட்டு வரிகள் சுமார்தான். அவங்களோட புகழ்பெற்ற 'பேக் இன் பிளாக்' பக்கத்துல வைக்கிற பாட்டா இது? இல்ல. கடைசி இருபது வருஷத்துல அவங்க போட்டதுல நல்ல பாட்டான்னு கேட்டா கண்டிப்பா ஆமா.

இறந்தவருக்காக பண்ணதால குறை சொல்லக்கூடாதுங்கறதை என்னால ஏத்துக்கவே முடியாது. மால்கம் ஒரு ரிஃப் சரியில்லன்னா தூக்கிப் போட்டுட்டு அடுத்ததுக்கு போற ஆளுன்னு அவங்க கூட வேலை செஞ்சவங்க நிறைய பேர் சொல்லியிருக்காங்க. அப்படிப்பட்டவர் பாட்டை அனுதாபத்துக்காக நல்லாருக்குன்னு சொல்றது அவருக்கு மரியாதை இல்ல.

கேள்வி: பாட்டை எழுதினவங்கன்னு ஆங்கஸ், மால்கம் ரெண்டு பேர் பேரும் போட்டிருக்காங்களே, இறந்து மூணு வருஷம் கழிச்சு வந்த பாட்டை அவர் எப்படி எழுதியிருக்க முடியும்? சென்டிமென்ட்டுக்கு போட்ட பேர்தானே? (சேலம் வாசகி)

பதில்: இல்லைங்க மேடம், இந்த சந்தேகம் நிறைய பேருக்கு இருக்கு, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சேந்து உக்காந்து ரிஃப் போட்டு டேப்ல பதிஞ்சு வைக்கிறது அவங்க சின்ன வயசுல இருந்தே வழக்கம். ஒரு ஆல்பத்துக்கு பத்து பன்னெண்டு பாட்டு போதும், மிச்சம் அப்படியே கிடக்கும். 2008-ல வந்த 'பிளாக் ஐஸ்' ஆல்பம் சமயத்துல அப்படி நிறைய சேந்து போச்சு. மால்கம் போனப்புறம் ஆங்கஸ் அதையெல்லாம் எடுத்துக் கேட்டு, அதுல இருந்து பொறுக்கி எடுத்து முழுப் பாட்டா ஆக்கினதுதான் 'பவர் அப்'. பன்னெண்டு பாட்டுக்குமே எழுதினவங்க ஆங்கஸ், மால்கம்னு இருக்கறது இதனாலதான். 1990-ல வந்த 'தி ரேஸர்ஸ் எட்ஜ்' ஆல்பத்துல இருந்தே வரிகளையும் சேத்து இவங்க ரெண்டு பேர்தான் எழுதிட்டு வந்தாங்க, அந்த வழக்கமே இங்கயும் தொடருது, புதுசா யாரும் கண்டுபிடிச்சு ஒட்டின பேர் இல்ல.

இதுல முக்கியமான விஷயம் என்னன்னா, இந்த பேண்ட்ல ரிஃப்தான் பாட்டு. மெலடி, கார்டு மாற்றம்னு தனியா ஒண்ணு யோசிச்சு அதுக்கு மேல கிட்டார் போடுறது கிடையாது. ரிஃப் மால்கமோடதா இருந்தா பாட்டோட முதுகெலும்பே அவரோடதுதான், வாசிச்ச கை யாரோடதா இருந்தாலும் சரி.

கேள்வி: இறந்தவர் விட்டுட்டுப் போனதை எடுத்து இப்படி பாட்டாக்கி விக்கிறது சரியா? பீட்டில்ஸும் இப்படித்தானே பண்ணாங்க? (மதுரை வாசகர்)

பதில்: ரெண்டும் வேற வேற வேலைங்க. பீட்டில்ஸ் 2023 நவம்பர்ல வெளியிட்ட 'நவ் அண்ட் தென்' பாட்டுல ஜான் லெனன் எழுபதுகள் கடைசியில வீட்டுல பாடி வச்ச டேப்ல இருந்து அவர் குரலை கம்ப்யூட்டர் வச்சு தனியா பிரிச்சு எடுத்தாங்க, 2001-ல இறந்த ஜார்ஜ் ஹாரிசன் 1995-ல வாசிச்ச கிட்டாரையும் சேத்துக்கிட்டாங்க. அங்க நமக்கு கேக்கறது இறந்தவங்களோட சத்தம். 'ஷாட் இன் தி டார்க்'ல மால்கமோட யோசனை இருக்கு, வாசிப்பு இல்ல, ரிதம் கிட்டார் வாசிச்சது ஸ்டீவி யங். இங்கிலாந்து ராக் பேண்ட் டெஃப் லெப்பர்ட் கதை இதுக்கு இன்னும் பக்கத்துல வரும். அவங்க கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் கிளார்க் 1991 ஜனவரியில இறந்தார், அடுத்த வருஷம் வந்த 'அட்ரினலைஸ்' ஆல்பத்துல அவர் சேந்து எழுதின பாட்டுங்க இருக்கு, ஆனா ரெண்டு கிட்டார் பகுதியையும் இன்னொரு கிட்டாரிஸ்ட் ஃபில் காலனே வாசிச்சார். நண்பன் எப்படி வாசிச்சிருப்பான்னு யோசிச்சு யோசிச்சு அந்தப் பகுதியை வாசிக்கிறது எவ்வளவு கனமான வேலையா இருந்திருக்கும்!

சரியா தப்பான்னா, கூடவே உக்காந்து எழுதின தம்பி முடிக்கிறார், அதுல எனக்கு ஒரு உறுத்தலும் இல்ல. சம்பந்தமே இல்லாத ஒரு கம்பெனி டேப்பை வாங்கி யாரையோ வச்சு பாட்டு பண்ணியிருந்தா நானே முதல் ஆளா எதிர்த்திருப்பேன்.

கேள்வி: ஸ்டீவி யங் யாரு? சொந்தக்காரர்ங்கறதால உள்ள கொண்டு வந்தாங்களா? மால்கம் மாதிரி வருமா? (திருச்சி வாசகர்)

பதில்: மால்கமோட அண்ணன் மகன்தான் ஸ்டீவி. அண்ணன் மகன்னவுடனே சின்னப் பையன்னு நினைச்சுடாதீங்க, ஆங்கஸ் 1955-ல பிறந்தவர், ஸ்டீவி 1956. சித்தப்பாவும் மகனும் கிட்டத்தட்ட ஒரே வயசு. 1988-லயே மால்கம் கொஞ்ச நாள் விலகி இருந்தப்ப அமெரிக்க டூர்ல அவர் இடத்துல நின்னு வாசிச்சவர் இவர்தான், 2014 'ராக் ஆர் பஸ்ட்' ஆல்பத்துலயும் வாசிச்சிருக்கார். அதனால திடீர்னு வந்த ஆள் இல்ல.

மால்கம் மாதிரி வருமாங்கற கேள்விக்கு, கிட்டத்தட்ட வருதுன்னு சொல்வேன். ஸ்டீவி தன்னோட ஸ்டைல்னு எதையும் திணிக்கல, சித்தப்பா வாசிச்ச இடத்துல வாசிச்சு, விட்ட இடத்துல விடறார். ஹெட்ஃபோன் போட்டு கேட்டீங்கன்னா ரெண்டு கிட்டாரும் ரெண்டு பக்கமா பிரிஞ்சு கேக்கும், ஆங்கஸ் பக்கத்தை மறந்துட்டு ரிதம் பக்கத்தை மட்டும் கேளுங்க. அப்புறம் 1978 லைவ் ஆல்பத்துல இருக்கற 'ரிஃப் ராஃப்' பாட்டைப் போட்டு அங்கயும் ரிதத்தை மட்டும் கேளுங்க. அவ்வளவு வேகத்துலயும் மால்கமோட வலது கை தாளத்தை ஒரு இழை முன்னாடி தள்ளிக்கிட்டே போகும், டிரம்ஸே அவரைத்தான் துரத்தும். 'ஷாட் இன் தி டார்க்'ல எல்லாம் சரியா இருக்கு, அந்தத் தள்ளல் மட்டும் கம்மியா இருக்குன்னு எனக்குப் படுது. எனக்கு மால்கம் இல்லங்கறது உறைக்கிற இடம் அது ஒண்ணுதான்.

கோலத்துக்கு புள்ளி வைக்கிற மாதிரி அவர் வேலை. ஆங்கஸ் இழுக்கற கோடெல்லாம் அந்தப் புள்ளிகளை நம்பித்தான்.

கேள்வி: 1980-ல பாடகர் பான் ஸ்காட் இறந்தப்ப அடுத்த சில மாசத்துலயே புது பாடகரோட ஆல்பம் போட்டாங்க, அப்ப இவ்வளவு விவாதம் இல்லையே, இப்ப மட்டும் ஏன்? (யாழ்ப்பாணம் வாசகர்)

பதில்: அப்பவும் பேசினாங்க, ஆனா 'பேக் இன் பிளாக்' வந்து வாயை அடைச்சிருச்சு. பான் ஸ்காட் 1980 பிப்ரவரி 19 அன்னைக்கு இறந்தார், ஏப்ரல் மே மாசத்துல பஹாமாஸ்ல ரெக்கார்டிங், ஜூலையில ஆல்பம். அதோட அட்டை முழுக் கறுப்பு, முதல் பாட்டு மணி ஓசையோட ஆரம்பிக்கும், ரெண்டுமே பானுக்காக. 'பவர் அப்' பத்தி ஆங்கஸும் அதேதான் சொன்னார், அது பானுக்கு, இது மால்கமுக்குன்னு.

வித்தியாசம் என்னன்னா பாடகர் மாறினா முதல் வரியிலயே எல்லாருக்கும் தெரிஞ்சுடும், பிடிச்சா கேப்பாங்க, பிடிக்கலன்னா விட்டுடுவாங்க. ரிதம் கிட்டாரிஸ்ட் மாறினா முக்கால்வாசி பேருக்குத் தெரியாது, கவனிச்சுக் கேக்கறவங்களுக்கு மட்டும் என்னமோ குறையுதேன்னு இருக்கும், அது என்னன்னு சொல்லத் தெரியாது. அதனாலதான் இந்த விவாதம் முடியாம இழுத்துக்கிட்டே போகுது. இன்னொண்ணு, பான் போனது திடீர்னு, மால்கம் போனது கொஞ்சம் கொஞ்சமா. 'பிளாக் ஐஸ்' டூர்லயே அவர் தானே எழுதின ரிஃப்களை மறுபடி உக்காந்து கத்துக்கிட்டுத்தான் மேடை ஏறினார். 2010 ஜூன்ல ஸ்பெயின்ல பில்பாவோ நகரத்துல நடந்த கச்சேரிதான் அவருக்கு கடைசி. அன்னைக்கு கூட்டத்துல இருந்த யாருக்கும் அது தெரியாது. ரசிகர்களுக்கு சரியா விடை கொடுக்கவே வாய்ப்பு கிடைக்கல, அந்த ஆதங்கம் எல்லாம் இப்ப இந்த பாட்டு மேல வந்து விழுது.

கேள்வி: அந்த ஆல்பத்துல உங்களுக்குப் பிடிச்ச பாட்டு? (சிங்கப்பூர் வாசகி)

பதில்: 'த்ரூ தி மிஸ்ட்ஸ் ஆஃப் டைம்'. ஏசி/டிசி பாட்டுல சாதாரணமா வராத ஒரு ஏக்கம் அதுல வருது. சிங்கிளா இதைத்தான் முதல்ல விட்டிருக்கணும்னு இன்னைக்கும் நினைக்கிறேன்.

கேள்வி: நான் கிட்டார் கத்துக்கறேன் சார். மால்கம் ரிஃப் எவ்வளவு வாசிச்சாலும் அந்த சத்தம் வரமாட்டேங்குது, டிஸ்டார்ஷன் பெடல் புதுசா வாங்கணுமா? (ஈரோடு வாசகர்)

பதில்: பெடல் வாங்காதீங்க தம்பி, இருக்கற கெயினை (சத்தம் எவ்வளவு கரகரக்கணும்ங்கற அளவை) பாதிக்குக் கீழ இறக்குங்க. நிறைய பேர் செய்யற தப்பு இதுதான், ஏசி/டிசின்னா பயங்கர டிஸ்டார்ஷன்னு நினைக்கிறாங்க. மால்கம் ஆம்ப்ல கெயின் கம்மி, வால்யூம் ஜாஸ்தி. அவரோட கிட்டார் 1963 கிரெட்ச், ஜெட் ஃபயர்பேர்ட் மாடல். அதுல இருந்த சிவப்பு பெயின்ட்டை சுரண்டி எடுத்து வெறும் மரமா ஆக்கி, பிரிட்ஜ் பக்கத்து பிக்கப் (கம்பி அதிர்வை மின் சிக்னலா மாத்தற பாகம்) ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டு மிச்சத்தைக் கழட்டிட்டார், பிக்கப் இருந்த குழி அப்படியே ஓட்டையா தெரியும். கம்பிகளும் நல்ல தடிமன். சிட்னி செயின்ட் மேரீஸ் கதீட்ரல்ல நடந்த அவரோட இறுதிச் சடங்குல சவப்பெட்டி மேல வச்சிருந்தது அந்த கிட்டாரைத்தான்.

'பேக் இன் பிளாக்' ஆரம்பத்துல வர்ற ஈ, டி, ஏ மூணு கார்டை எடுத்துக்குங்க. ரெண்டு மூணு கம்பி மட்டும் அமுக்கற பவர் கார்டா பிடிக்காம முழு ஓபன் கார்டா பிடிங்க, அடிச்ச உடனே ரெண்டு கையாலயும் கம்பியை அமுக்கி சத்தத்தை நிறுத்துங்க, அடுத்த அடி வரைக்கும் சுத்தமா அமைதியா இருக்கணும். மெட்ரோனோம் போட்டு மெதுவா பண்ணுங்க. அந்த நிறுத்தம் சரியா வந்தப்புறம் 'ஷாட் இன் தி டார்க்' பக்கம் போங்க, அதுவும் இதே கை வேலைதான்.