ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி உதறுகிறதே?

கேள்வி: காசிமேட்டில் மீன் லோடு அடிக்கும் டீசல் பிக்கப் என்னுடையது. எண்ணூர் பக்கம் போகும்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் அடியில் உதறுகிறது, காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. வீல் பேலன்சிங் பார்த்தாச்சு. இன்ஜினைப் பிரிக்கணும் என்கிறார் மெக்கானிக். பிரிக்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். சக்கரக் கோளாறு என்றால் காலை எடுத்தாலும் உதறல் அதே வேகத்தில் தொடரும். முதலில் நியூட்ரலில் நிறுத்தி ஆக்சிலேட்டரைக் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் உதறினால் இன்ஜின், இல்லை அதைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர். நின்றபோது உதறவில்லையா, உதறும் அதே வேகத்தில் ஒரு கியர் மாற்றி ஓட்டுங்கள். அப்போதும் அதே வேகத்தில்தான் வருகிறது என்றால் எனக்குச் சந்தேகம் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் மேல்தான், அதாவது கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரப் பக்கம் சுழற்சியைக் கொண்டுபோகும் அடியிலுள்ள நீளத் தண்டு. ஐஸ் உருகி ஒழுகும் உப்புத்தண்ணீர், ஷாஃப்டின் மூட்டுகளில் இருக்கும் கிராஸ் பேரிங்கை சும்மா விடாது. சமதளத்தில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் போட்டு ஷாஃப்டைக் கையால் ஆட்டுங்கள். கிராஸில் ஆட்டம் இருந்தால் மாற்றிவிடுங்கள். ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருந்தால் நடுவிலுள்ள சென்டர் பேரிங் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்று முக்கியம்: கழற்றும் முன் இரு பக்கமும் பெயின்ட்டால் குறி போடச் சொல்லுங்கள், மாற்றி மாட்டினால் புது உதறல் வரும்!

அப்புறம், லோடு தாங்கட்டும் என்று பின்னால் ஸ்பிரிங் பட்டை சேர்த்தீர்களா? அதனாலும் ஷாஃப்டின் கோணம் மாறி உதறலாம். வண்டியைக் கிளப்பும்போது மட்டும் உதறினால் அது பெரும்பாலும் கிளட்ச் விவகாரம்.